நம்பிக்கையும் வாழ்வும்: தரங்கம்பாடி உபதேசியார் இருவர்

முன்னுரை

ஒருவர் தாம் மேற்கொண்ட சமய நம்பிக்கையைத் தம் வாழ்வு முழுமைக்கும் கடைகாலாக அமைத்துக்கொள்ளுதல் வேண்டும் என்பது கிறித்தவ மறை வற்புறுத்தும் கொள்கைகளுள் தலையாயது. பாறைமேல் கட்டிய வீட்டையும் மணல்மேல் கட்டிய வீட்டையும் ஒப்பிட்டு இயேசு பெருமான் கூறிய உவமை யாவரும் அறிந்ததே. அவ்வுவமையில் ஒரு நுட்பம் உண்டு. நல்ல நாளில் இரு வீடுகளும் ஒன்றுபோலவே தோன்றும். பெருமழையும் வெள்ளமும் காற்றும் வந்து மோதிய பின்னரே கடைகாலின் வன்மையும் மென்மையும் புலனாகும். ஆகவே ஒருவர்தம் வாழ்வு எதன்மேல் நின்றது என்பதை அவர் கூறிய சொற்களை மட்டும் கொண்டு துணிதல் இயலாது. அவ்வாழ்வுக்கு நேர்ந்த இடர்களையும் இழப்புகளையும் கொண்டே துணிதல் வேண்டும். சமயம் கூறும் இவ்வுண்மை, வரலாறு ஆராய்வார்க்கும் நல்லதோர் அளவுகோலாகும்.

இவ்வளவுகோலைக் கொண்டு, பதினெட்டாம் நூற்றாண்டில் தரங்கம்பாடித் திருச்சபையில் தொண்டாற்றிய தமிழர் இருவரின் வாழ்வை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒருவர் ஆரோன், மற்றவர் இராசநாயக்கன். இருவரும் உபதேசியார்களாக விளங்கியவர்கள். முன்னவர் குருப்பட்டம் பெற்றார். பின்னவர்க்கு அது கிட்டவில்லை. தரங்கம்பாடியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அச்சு, அகராதி, இலக்கணம் ஆகியவற்றைப் பற்றியும் அவற்றைச் செய்த ஐரோப்பியப் பெரியோரைப் பற்றியுமே விரித்துரைப்பர். அவர்கள் அச்சிட்ட நூலைக் கையில் ஏந்திப் படித்து, அதன்மேல் வாழ்வை அமைத்துக்கொண்ட தமிழர் என்னவாயினர் என்னும் வினா குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளது.

ஊரும் காலமும்

காவிரி கடலொடு கலக்கும் நாட்டில், பொறையாற்றை அடுத்துள்ள கடற்கரையூர் தரங்கம்பாடி. கல்வெட்டில் இது சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம் எனப் பெயர் பெறும். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்ததாகிய மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டமை இன்றும் காணத்தக்கது. 1620ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் டேனியர் இவ்வூரைப் பெற்று டேன்சுபர்க்குக் கோட்டையைக் கட்டினர். 1845இல் இதனை ஆங்கிலேயரிடம் விற்றுச் செல்லும்வரை இது டேனியர் ஆட்சியிலேயே பெரிதும் இருந்தது.

டென்மார்க்கு அரசர் நான்காம் பிரடெரிக்கு அனுப்பிய சீகன்பால்கு, புளுட்சௌ என்னும் செருமானியர் இருவர் 1706 சூலை 9ஆம் நாள் இங்கு வந்திறங்கினர். டேனியர் இல்லங்களில் அடிமைகளாய் இருந்தோர் ஐவர் 1707 மே மாதத்தில் திருமுழுக்குப் பெற்றனர். அவ்வாண்டு செப்டம்பரில் தமிழர் சிலரும் பெற்றனர். அவ்வாண்டிலேயே எழுப்பப்பெற்ற முதல் ஆலயம் நெடிது நிலைபெறவில்லை. இன்று நாம் காணும் புதிய எருசலேம் ஆலயம் 1718இல் சிலுவை வடிவில் கட்டி முடிக்கப்பெற்றது. அடுத்த ஆண்டு பெப்ரவரி 23ஆம் நாள், முப்பத்தாறாம் வயதில், சீகன்பால்கு ஐயர் மறைந்தார்.

இப்பணியைக் கோட்டையிலிருந்த வணிக அதிகாரிகள் விரும்பினர் என்று கருதுதல் தவறு. 1708ஆம் ஆண்டின் இறுதியில் சீகன்பால்கு ஐயரையே அவர்கள் நான்கு திங்கள் சிறையில் வைத்தனர். எனவே, தொடக்கக் காலத்தில் இச்சபையிற் சேர்ந்த தமிழர் ஆளும் இனத்தாரின் அரவணைப்பை நாடியே சேர்ந்தனர் எனப் பொதுப்படக் கூறுதல் பொருந்தாது.

சான்றுகளின் இயல்பு

இக்காலத் தமிழ்க் கிறித்தவரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சான்றுகளுட் பெரும்பகுதி செருமன் மொழியில் உள்ளது. தரங்கம்பாடியிலிருந்து எழுதப்பெற்ற நாட்குறிப்புகளும் மடல்களும் 1710ஆம் ஆண்டு முதல் ஹாலே நகரில் தொடர்ந்து அச்சிடப்பெற்றன. இவற்றை ஆராய்வோர் இரண்டு செய்திகளை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். முதலாவது, இவை ஐரோப்பாவில் இருந்த அன்பர்கள் பொருளுதவி செய்தற்பொருட்டு வெளியிடப்பெற்றவை; ஆதலின் அங்குள்ளார் மனத்துக்கு உகந்தவாறு தொகுக்கப்பெற்றவை. இரண்டாவது, ஹாலே மரபினர் மனமாற்றத்துக்கென ஒரு வகையான கதைப்போக்கை வகுத்திருந்தனர். பாவ உணர்வு, உள்ளப் போராட்டம், தெளிவு, புதுவாழ்வு என்னும் படிகளில் அக்கதை நடக்கும். தமிழர் ஒருவர் தம் வரலாற்றைக் கூறும்போது அஃது இவ்வச்சில் வார்க்கப்பெற்றே ஐரோப்பாவை அடைந்திருத்தல் கூடும்.

ஆகவே, உள்ளத்தில் நிகழ்ந்ததாகக் கூறப்படுவனவற்றைவிட, வாழ்வில் நிகழ்ந்தனவாகக் காணப்படும் செயல்களே வலிய சான்றுகளாம். எதனை விட்டார், எதனை மேற்கொண்டார், எத்துணை ஆண்டு அதில் நிலைத்து நின்றார் என்பனவே நாம் கேட்கத்தக்க வினாக்கள்.

'விசுவாசம்' என்னும் சொல்

தரங்கம்பாடியார் வழங்கிய சமயச் சொற்கள் பலவும் அவர்கள் புதிதாக ஆக்கியன அல்ல. பதினாறாம் நூற்றாண்டில் அண்டிரிக்கு அடிகளாரும், பதினேழாம் நூற்றாண்டில் தத்துவ போதகர் எனப்பெற்ற நொபிலி அடிகளாரும் இட்ட வழியிலேயே அவர்களும் சென்றனர். சருவேசுரன், விசுவாசம், ஞானஸ்நானம் போன்ற சொற்கள் அவ்வாறு வந்தவை. இவற்றுள் விசுவாசம் என்னும் சொல் ஈண்டுத் தனியே நோக்கத்தக்கது.

வடமொழியில் இதற்கு நம்புதல் என்பது பொருள். தமிழ் வழக்கிலோ இதற்கு மற்றொரு பொருளும் உண்டு. உண்ட சோற்றை மறவாது தலைவனுக்கு உண்மையாய் ஒழுகும் பணியாளனை விசுவாசம் உள்ளவன் என்கிறோம். பழந்தமிழர் செஞ்சோற்றுக்கடன் எனப் போற்றிய பண்போடு இப்பொருள் நெருங்கிய உறவுடையது. எனவே தமிழில் விசுவாசம் என்பது அறிவால் ஒன்றை ஏற்றுக்கொள்ளுதலோடு முடிவதன்று; ஒருவர்க்கு ஆட்பட்டு அவர்க்கு உரியவராய் வாழ்தலையும் அது குறிக்கும். இக்கருத்து தரங்கம்பாடியாரின் எண்ணத்தில் இருந்ததோ இல்லையோ, அச்சொல்லைச் செவிமடுத்த தமிழர் உள்ளத்தில் இவ்விரு பொருளும் ஒருங்கே எழுந்திருத்தல் இயல்பே. படைத்தொழிலை விட்டு உபதேசியாரான ஒருவரின் வாழ்வைக் காணும்போது இதன் பொருத்தம் விளங்கும்.

ஆரோன்

ஆரோன் கடலூரில் வேளாளர் குடியில், ஏறத்தாழ 1698இல் பிறந்தவர், இயற்பெயர் ஆறுமுகம். சீகன்பால்கு ஐயர் முயற்சியால் 1717இல் கடலூரில் பள்ளியொன்று ஏற்பட்டது. அதன் தொடர்பால் கிறித்தவக் கொள்கைகளை அறிந்த அவர், 1718இல் தரங்கம்பாடியில் திருமுழுக்குப் பெற்று ஆரோன் ஆனார். குடிப்பெருமையும் வணிகத் தொடர்பும் உடைய குடும்பத்தில் தோன்றிய ஒருவர்க்கு இம்மாற்றம் எளிதாய் இருந்திராது. மணவினை, ஈமக்கடன், உடனிருந்து உண்ணல் ஆகிய மூன்றும் குலத்தோடு பிணைந்திருந்த காலம் அது. திருமுழுக்குப் பெறுதல் என்பது அம்மூன்றையும் பணயம் வைத்தலாகும்.

பின்னர் அவர் உபதேசியார் ஆனார். உபதேசியார் என்போர் ஊர் ஊராகச் சென்று மறைக்கொள்கைகளை வினாவிடை வழியே கற்பித்தும், எழுத்தறியார்க்கு நூலைப் படித்துக் காட்டியும், நோயுற்றாரைக் கண்டு வேண்டுதல் செய்தும், கண்டவற்றையும் கேட்டவற்றையும் தரங்கம்பாடிக்குத் தெரிவித்தும் வந்தவர் ஆவர். ஐரோப்பியர் தஞ்சை மன்னரின் ஒப்புதலின்றி உள்நாட்டிற் செல்லுதல் அரிதாக இருந்தமையின், சிற்றூர்களில் வளர்ந்த சபைகள் உண்மையில் இவ்வுபதேசியார்களின் கால்நடையால் வளர்ந்தவையே. வயல் வரப்புகளிலும் ஆற்றுத் துறைகளிலும் நிகழ்ந்த இத்தொண்டு கண்ணுக்குத் தோன்றாத தொண்டாகும்.

1733 டிசம்பர் 28ஆம் நாள் புதிய எருசலேம் ஆலயத்தில் ஆரோன் குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்தக் கிறித்தவ சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழர் அவரே. இந்தியருள்ளும் முதல்வர் அவரே. மாயவரம் முதலிய பகுதிகளில் போதகராகத் தொண்டாற்றி 1745இல் மறைந்தார். திருமுழுக்குப் பெற்றதிலிருந்து இறுதி வரை இருபத்தேழு ஆண்டுகள் அவர் கொண்ட நெறியினின்றும் வழுவவில்லை. பதவி வந்ததற்கு முன் பதினைந்து ஆண்டுகள் அவர் பெயர் பெறாத தொண்டராய் உழைத்தார் என்பது கருதத்தக்கது.

இராசநாயக்கன்

இராசநாயக்கன் 1700ஆம் ஆண்டளவில் பிறந்தவர். பறையர் குலத்தவர், அவர் குடும்பம் முன்னரே கத்தோலிக்கம் தழுவியது. தஞ்சை அரசின் படையில் அவர் பணியாற்றி வந்தார். 1725ஆம் ஆண்டில், சைவப் பண்டாரம் ஒருவரிடமிருந்து ஒரு நூல் அவர் கைக்கு வந்தது. நற்செய்தி நூல்கள் நான்கும் அப்போஸ்தலர் நடபடிகளும் அடங்கிய அந்நூல், தரங்கம்பாடியில் 1714இல் அச்சிடப்பெற்றதாகும்.

இந்நிகழ்ச்சி பெரிதும் சிந்திக்கத்தக்கது. எந்த ஐரோப்பியரும் இராசநாயக்கனைத் தேடிச் செல்லவில்லை. அச்சிட்டு வெளிவந்து பதினோர் ஆண்டு கழிந்த ஒரு நூல், பல கைகள் மாறி, வேற்றுச் சமயத் துறவி ஒருவர் வாயிலாக ஒரு படைவீரரை அடைந்தது. அதனை அவர் படித்தார். அதன்பின் தரங்கம்பாடியோடு தொடர்பு கொண்டார். 1727, 1728 ஆகிய ஆண்டுகளில் அச்சபையோடு இணைந்து, படைத்தொழிலை விட்டு உபதேசியார் ஆனார். பழைய சபையாரின் பகையும் உற்றாரின் வெறுப்பும் அவர்க்கு நேர்ந்தன. எனினும் 1771இல் மறையும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அத்தொண்டிலேயே நிலைத்து நின்றார். சுவார்ட்சு ஐயர் தஞ்சையில் பெரும்புகழ் பெறுதற்கு முன்னரே அந்நாட்டுச் சிற்றூர்களில் சிறு சபைகள் இருந்தன என்றால், அதற்கு இராசநாயக்கன் போன்றார் நடந்த நடையே காரணமாகும்.

தமிழறிஞர்க்கு ஈண்டு மற்றொரு செய்தியும் சுவையுடையதாகும். தரங்கம்பாடி மொழிபெயர்ப்பின் தமிழ்நடை குறைகள் நிறைந்தது என்பதில் ஐயமில்லை. பேச்சு வழக்கும் கொச்சையும் அதில் விரவியுள்ளன. வீரமாமுனிவர் தாம் இயற்றிய வேதவிளக்கத்தில் அந்நடையைக் கடிந்துரைத்தார். அவர் கண்டனம் புலமை நோக்கில் முற்றும் நேரியதே. ஆயினும் அப்புலவர் பெருமான் எள்ளிய அதே தமிழே, அவர் வாழ்ந்த அதே காலத்தில், ஒரு படைவீரரின் வாழ்வைத் தலைகீழாக மாற்றியது. மொழிநடையின் சிறப்பு வேறு. மொழி செய்யும் பணி வேறு. பதினெட்டாம் நூற்றாண்டு உரைநடையின் வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டையும் தனித்தனியே நிறுத்துக் காணுதல் வேண்டும்.

மறுக்கப்பட்ட குருப்பட்டம்

ஆரோனுக்குப் பின் இரண்டாம் தமிழ்ப் போதகரைத் தெரிவு செய்ய வேண்டிய காலம் வந்தது. இராசநாயக்கனின் தகுதி எல்லாரும் அறிந்தது. ஐரோப்பியக் குருமாரும் அவர்பால் நன்மதிப்பு உடையர். ஆயினும் அவர்க்குக் குருப்பட்டம் அளிக்கப்படவில்லை. வேளாளர் முதலிய குலத்துக் கிறித்தவர் அவர் கையினின்றும் திருவிருந்தைப் பெற ஒருப்படார் என்னும் அச்சமே அதற்குக் காரணம். 1741இல் தியோகு என்பவர் குருப்பட்டம் பெற்றார்.

இவ்வாறு நேர்ந்தமைக்கு முன்னரே விதை ஊன்றப்பட்டிருந்தது. சிலுவை வடிவான அவ்வாலயத்தினுள்ளேயே குலத்துக்கு ஏற்ப இடம் பிரித்து அமர்தல் வழக்கமாகியிருந்தது. குருமார் அதனைச் சமயத்தைச் சாராத உலகியல் ஒழுக்கம் எனக் கருதிப் பொறுத்துக்கொண்டனர். பொறுத்துக்கொண்ட ஒழுக்கமே பின்னர்ச் சபையின் தலைமையை யார் ஏற்பது என்பதை முடிவு செய்யும் விதியாயிற்று. இடையில் விட்ட சிறு விரிசல் சுவர் முழுவதையும் பிளந்தவாறு இது.

இவ்விரிசல் ஒரு தலைமுறையோடு ஒழிந்ததும் அன்று. 1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் சாதி வேறுபாட்டைச் சபையினின்றும் நீக்குமாறு ஆணையிட்டபோது தஞ்சைக் கிறித்தவரிடையே பெருங் கலகம் மூண்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே குல ஒழுக்கத்துக்கு அரணாக எழுதியவருள் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர் என்பதை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று. தரங்கம்பாடியிற் பயின்று, தம் இசைப்பாக்களால் கிறித்தவ நம்பிக்கையைத் தமிழ் இல்லங்களில் நிலைபெறச் செய்தவர் அப்பெரியார். நம்பிக்கையைப் பாட்டின் கடைகாலாக்குதல் ஒன்று. அதனையே உடனிருந்து உண்ணும் பந்திக்கும் கடைகாலாக்குதல் மற்றொன்று. முதலாவதில் வெற்றி கண்டோரும் இரண்டாவதில் தளர்ந்தனர்.

ஓர் ஒப்புமை

இந்நிலை தமிழகத்துக்குப் புதியதன்று. தரங்கம்பாடிக்கு வடமேற்கே வைத்தீசுவரன்கோயிலை அடுத்துள்ள திருப்புன்கூரில் திருநாளைப்போவார் வெளியே நின்று வழிபட்டமையையும், நந்தி விலகி வழிவிட்டமையையும் சேக்கிழார் பெருமான் பாடியுள்ளார். ஆங்கும் அடியவரின் அன்பில் குறையில்லை. குறை அவரை வெளியே நிறுத்திய வழக்கத்தில் இருந்தது. ஆங்கு இறைவன் அருளால் நந்தி விலகியது எனப் புராணம் கூறும். தரங்கம்பாடி வரலாற்றில் அவ்வாறு விலகியது எதுவும் இல்லை. புராணத்துக்கும் வரலாற்றுக்கும் உள்ள வேறுபாடு அது.

எனினும் இவ்வொப்புமையை எல்லை மீறிக் கொண்டு செல்லுதல் கூடாது. திருநாளைப்போவார் கோயிலுக்குப் புறத்தே நின்றவர். இராசநாயக்கனோ சபையின் உள்ளே நின்று அதனைக் கட்டியவர். அவர் கற்பித்த வினாவிடைகளால் பலர் திருமுழுக்குக்குத் தகுதி பெற்றனர். அவர்க்குத் திருவிருந்து அளிக்கும் தகுதி மட்டும் மறுக்கப்பட்டது. ஆதலின் பின்னதன் முரண் முன்னதனினும் கூர்மையுடையது.

ஆய்வு முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் முடிபுகள் மூன்று.

முதலாவது, தரங்கம்பாடித் தமிழரிடம் கிறித்தவ நம்பிக்கை வாழ்வின் கடைகாலாய் அமைந்தமைக்குத் தமிழில் படிக்கும் நூலும் பள்ளியுமே பெருவாயில்களாய் இருந்தன. ஆரோனைப் பள்ளி அழைத்தது. இராசநாயக்கனை நூல் அழைத்தது.

இரண்டாவது, அந்நம்பிக்கையின் உண்மையை அறிதற்கு அவர்தம் மனமாற்றக் கதைகள் போதா. இழந்த உறவும், விட்ட தொழிலும், நடந்த நெடுந்தொலைவும், கழிந்த ஆண்டுகளுமே சான்று. இவ்வகையில் இருவரும் ஒப்பவே நிற்கின்றனர். எனினும் பதவியால் தாங்கப்படாது நின்ற வாழ்வு என்னும் வகையில் இராசநாயக்கனின் வாழ்வு மேலும் தெளிவான சான்றாகும். தமக்கு மறுக்கப்பட்டது எது என்பதை அறிந்த பின்னும் முப்பது ஆண்டுகள் அதே பணியில் ஒருவர் நிலைத்தார் எனின், அவர் வாழ்வு அப்பதவியின்மேல் கட்டப்பட்டதன்று என்பது வெளிப்படை. அவர் காட்டிய பொறுமையைப் புகழ்ந்து, அவர்க்குச் செய்த அநீதியை மறைத்தல் மட்டும் கூடாது. அடியாரின் பொறுமை அமைப்பின் குற்றத்துக்கு மன்னிப்பு ஆகாது.

மூன்றாவது, தனி ஒருவர் தம் வாழ்வுக்கு நம்பிக்கையைக் கடைகாலாக்குதல் அரிது; ஒரு சபை தன் ஒழுக்கம் முழுமைக்கும் அதனைக் கடைகாலாக்குதல் அதனினும் அரிது. பதினெட்டாம் நூற்றாண்டில் முன்னது நிகழ்ந்தது, பின்னது நிகழவில்லை. தமிழர் ஒருவர் முதன்முதலாகக் குருப்பட்டம் பெற்ற 1733க்கும், இராசா மாணிக்கம் அவர்கள் தரங்கம்பாடிப் பேராயரான முதல் இந்தியராய் அமர்ந்த 1956க்கும் இடையே இருநூற்று இருபத்து மூன்று ஆண்டுகள் கழிந்தன. குலத்தடை ஒருபுறமிருக்க, தமிழர் கையில் தலைமையை ஒப்படைத்தற்கே இத்துணைக் காலம் வேண்டியிருந்தது.

உபதேசியார்களைப் பற்றிய செய்திகளும் அவர்கள் மடல்களின் மொழிபெயர்ப்புகளும் ஹாலே வெளியீடுகளில் விரவிக் கிடக்கின்றன. அவற்றை முறையாகத் தொகுத்துத் தமிழில் வெளியிடுதல் இளம் ஆராய்ச்சியாளர் மேற்கொள்ளத்தக்க நற்பணி. பதினெட்டாம் நூற்றாண்டில் எளிய தமிழ் மக்கள் தம் உள்ளத்தைப் பற்றி என்ன கூறினர் என்பதை அறிதற்கு அதனினும் சிறந்த வாயில் சிலவே. நூல் செய்தார் வரலாறு பலராலும் எழுதப்பெற்றுவிட்டது. அந்நூலைப் படித்தார் வரலாறு இனித்தான் எழுதப்பெறல் வேண்டும்.